பொய் மீனுக்குக் கண் எதற்கு?

ஒரு மீன் செய்ய எனக்கு மூன்று சனி, ஞாயிறு ஆனது.

நிஜ மீன் இல்லை. தூண்டிலில் மாட்டுகிற பொய் மீன். ஒன்பது சென்டிமீட்டர் நீளம். உடம்பு பால்சா மரம். அதன்மேல் வெள்ளித்தாள், அதன்மேல் பெயின்ட், அதன்மேல் வார்னிஷ். கண்ணுக்குக் கண்ணாடி மணி. செதிலைப் பற்றித் தனியாகச் சொல்லியாக வேண்டும். கடையில் பூண்டு போட்டு விற்கிற வலைப் பை இருக்கிறதல்லவா, அதை மீன் உடம்பில் இறுக்கிச் சுற்றி, மேலே பெயின்ட்டைப் பீய்ச்சி, காய்ந்ததும் வலையை உரித்தால் வரிசை வரிசையாக அப்படியே செதில்! முதல் தடவை உரித்துப் பார்த்தபோது நானே அசந்து போனேன். புளி கரைத்துக் குழம்பு வைத்துவிடலாம் போல இருந்தது.

இந்த வேலையெல்லாம் எதற்கு என்று கேட்பீர்கள். எஸ்போ என்கிற ஊரில் ஒரு நவம்பர் மாதத்தைக் கழித்துப் பாருங்கள், கேட்க மாட்டீர்கள். ஃபின்லாந்தின் தலைநகர் ஹெல்சின்கிக்கு ஒட்டின ஊர் எஸ்போ. குளிர்காலத்தில் சூரியன் காலை ஒன்பதுக்கு மேல் லேட்டாக வந்து, மூன்றேகாலுக்கெல்லாம் பர்மிஷன் போட்டுவிட்டுப் போய்விடும். எங்கள் ஆபீசில் யாராவது இப்படி வந்துபோனால் மெமோதான். இருட்டு, பனி, ஒற்றை ரூம். சமைத்துச் சாப்பிட்டு, அம்மாவுக்குப் போன் பண்ணிவிட்டால் மணி ஆறுதான் ஆகியிருக்கும். அப்புறம் என்ன செய்வது? வீடியோ பார்த்து மரம் செதுக்க ஆரம்பித்தேன்.

இன்னொரு காரணமும் உண்டு. என் உத்தியோகம் சாஃப்ட்வேர் டெஸ்டிங். ஸ்க்ரீனில் ஒரு பட்டன் ஒரே ஒரு புள்ளி தள்ளியிருந்தாலும் 'தப்பு' என்று ரிப்போர்ட் எழுதிச் சம்பளம் வாங்குகிறவன். அந்தப் புத்தி வீட்டுக்கும் கூடவே வந்துவிடுகிறது. மீனின் வால் பக்கம் மூன்று செதில் கலங்கியிருந்தது என்று முழு பெயின்ட்டையும் சுரண்டிவிட்டு மறுபடி அடித்திருக்கிறேன். மொத்தம் பதினோரு கோட்டிங்.

இந்த மீனைத்தான் 2024 ஜூன் கடைசியில் ஒரு சோப்பு டப்பாவில் பஞ்சு வைத்துப் படுக்கவைத்து, பையான்னே ஏரிக்கு எடுத்துப் போனேன். (பேரைச் சொல்லிப் பாருங்கள். நெல்லைக்காரன் 'பை, அண்ணே!' என்று விடைபெறுகிற மாதிரியே இருக்கும்.)

டீமில் பக்கத்து சீட்காரன் ஃபின்லாந்துக்காரன். அவன் குடும்பத்துக்கு ஏரிக்கரையில் ஒரு மொக்கி இருக்கிறது. மொக்கை அல்ல, மொக்கி. மரத்தில் கட்டின கோடை வீடு. ஓர் அறை, ஓர் அடுப்பு, வெளியே கக்கூஸ், தண்ணீரை ஒட்டி வெந்நீர்ப் புகை போடுகிற சானா. நம் ஆட்களுக்குச் சொந்த ஊர் மாதிரி இவர்களுக்கு மொக்கி. வருஷம் பூராவும் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து சம்பாதிப்பதே ஜூன், ஜூலையில் அங்கே போய்க் கரன்ட் கம்மியாக வாழத்தான்.

"நீ செதுக்குற ஐட்டத்தை எங்க அப்பாகிட்ட காட்டு. அவரும் செதுக்குவார்" என்றான்.

ஹெல்சின்கியிலிருந்து லாஹ்திக்கு ரயிலில் ஒரு மணி நேரம். அங்கிருந்து காரில் வடக்கே போனால் வாக்ஸு என்கிற சின்ன ஊர். ஊர் நடுவே ஒரு கால்வாய். 1871-ல் திறந்தது. இந்தப் பக்கம் வெசியார்வி ஏரி, அந்தப் பக்கம் பையான்னே. இரண்டுக்கும் மட்டம் சுமார் மூன்று மீட்டர் வித்தியாசம். படகு உள்ளே வந்ததும் கதவை மூடி, தண்ணீரை ஏற்றியோ இறக்கியோ அடுத்த ஏரிக்கு அனுப்புகிறார்கள். கரையில் ஐஸ்கிரீமைக் கையில் வைத்துக்கொண்டு நூறு பேர் இதை வேடிக்கை பார்க்கிறார்கள். பேச்சு மூச்சில்லை. நம் ஊரில் ஜே.சி.பி. பள்ளம் தோண்டினால் நிற்கிற கூட்டம்தான், சத்தம் மட்டும் கிடையாது.

அசிக்கலா வட்டாரம் இது. பொய் மீன் பைத்தியங்களுக்குக் காசி, ராமேஸ்வரம் மாதிரி. காரணம், லௌரி ராபலா.

1905-ல் பிறந்த ஏழை மனிதர். மரம் வெட்டுவார், கூலிக்குப் போவார், இந்த ஏரியில் மீன் பிடித்து விற்பார். படகில் உட்கார்ந்து தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தவர் ஒரு விஷயத்தைக் கவனித்தார். சின்ன மீன் கூட்டம் கூட்டமாகப் போகும்போது பெரிய மீன் பாய்ந்து அடிப்பது கண்டபடி அல்ல. கூட்டத்தில் ஒன்று அடிபட்டு, லேசாகத் தள்ளாடி, பக்கவாட்டில் ஆடி ஆடிப் போகும். அதைத்தான் குறிவைக்கிறது. அந்தத் தள்ளாட்டத்தை மட்டும் ஒரு கட்டையில் கொண்டுவந்துவிட்டால்?

1936-ல் செருப்பு தைக்கிற கத்தியால் கார்க்கைச் செதுக்கினார். உப்புத்தாள் போட்டுத் தேய்த்தார். மேலே சுற்ற சாக்லேட் உறையின் ஈயத்தாள். வார்னிஷ் வாங்கக் காசில்லை. பழைய போட்டோ நெகட்டிவ்களை உருக்கி மேலே பூசினார் என்று சொல்கிறார்கள். பார்க்க ஒன்றும் பிரமாதமில்லை. தண்ணீரில் இழுத்தால் மட்டும் அடிபட்ட மீனின் நடை அப்படியே வந்தது. பிறகு அவரும் பிள்ளைகளும் செய்து விற்றார்கள். ஐம்பதுகளின் கடைசியில் அமெரிக்காவில் மின்னியாபொலிஸ் வியாபாரிகள் இரண்டு பேர் கண்ணில் பட்டது. 1962 ஆகஸ்டில் 'லைஃப்' பத்திரிகை அதைப் பற்றி ஒரு கட்டுரை போட்டது. அந்த இதழின் அட்டையில் யார் தெரியுமோ? அந்த மாதம்தான் இறந்துபோன மர்லின் மன்றோ. இதழ் எக்கச்சக்கமாக விற்றது. மர்லினுக்காக வாங்கினவனெல்லாம் மீனையும் படித்துவிட்டான். ஆர்டர் மூட்டை மூட்டையாக வந்தது. ராபலா 1974-ல் காலமானார். அவர் பேர் மட்டும் உலகத்தில் எந்தத் தூண்டில் கடைக்குப் போனாலும் தொங்குகிறது.

காரில் இதையெல்லாம் கேட்டுக்கொண்டே வந்தேன். சாக்லேட் பேப்பருக்கே இப்படி என்றால் என் பூண்டு வலைச் செதிலுக்கு ஏரியே காலியாகிவிடும் என்று ஒரு கணக்குப் போட்டேன். கதையில் எது முக்கியமோ அதை விட்டுவிட்டேன் என்பது பிறகுதான் தெரிந்தது.

மொக்கி வாசலில் பெரியவர் நின்றிருந்தார். எழுபத்தைந்து வயசு இருக்கும். கை கொடுத்தார். பேசவில்லை. பக்கத்தில் ஒன்பது வயசுப் பேரன், என் நண்பனின் பையன். இவன் வீடியோ கேம் புண்ணியத்தில் இங்கிலீஷ் பொரிந்து தள்ளினான்.

பையன் தாத்தாவை "உக்கி, உக்கி" என்று கூப்பிட்டான். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. எங்கள் பள்ளிக்கூடத்தில் உக்கி என்றால் காதைப் பிடித்துக்கொண்டு போடுகிற தோப்புக்கரணம். கணக்கு வாத்தியார் "உக்கி ஐம்பது!" என்பார். விசாரித்தால், ஃபின்னிஷில் உக்கி என்றால் தாத்தா. சரி, சொந்தமில்லாத பெரியவரையும் தாத்தா என்று கூப்பிடுகிற ஊர்க்காரன்தானே நான். நானும் "உக்கி" என்றேன். பெரியவர் என்னை ஒரு நிமிஷம் பார்த்தார். உள்ளே போய்க் காபி ஊற்றிக்கொண்டு வந்தார். "உனக்கு வேலை முடிஞ்சுது. எனக்கே பத்து நாளைக்கு ஒருதரம்தான் ஊத்துவார்" என்றான் நண்பன்.

காபிக்கப்புறம் தன் டப்பாவைத் திறந்து காட்டினார்.

நான் ஏமாற்றத்தை மறைக்க ரொம்பப் பாடுபட்டேன். உள்ளே இருந்தவை மீன் என்று சொன்னால்தான் மீன். பைன் மரப்பட்டையைக் கத்தியால் சீவினது. முதுகில் கறுப்பு, வயிற்றில் வெள்ளை, பக்கத்தில் பேரன் தின்றுபோட்ட சாக்லேட்டின் தாள். மூக்குக்குக் கீழே, டப்பா மூடியிலிருந்து வெட்டின ஒரு தகரத் துண்டு நாக்கு மாதிரி சாய்வாக நீட்டிக்கொண்டிருந்தது. செதில் கிடையாது. துடுப்பு கிடையாது. கண்ணும் கிடையாது! சில கட்டைகளில் கத்தி வெட்டுகூட அப்படியே தெரிந்தது.

நான் சோப்பு டப்பாவைத் திறந்தேன். பஞ்சை விலக்கினேன்.

பையன் "வாவ்!" என்றான். கையில் எடுத்தான். வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "உக்கி, இதுக்குக் கண்ணு இருக்கு! உங்களுதுக்கு இல்லை!" அதை ஃபின்னிஷிலும் ஒருதரம் சொன்னான். அந்த வருஷம்தான் அவனுக்குத் தனியாக ராட் பிடித்து வீச அனுமதி. எதை மாட்டப் போகிறான் என்று தாத்தா குளிர்காலம் பூராவும் நாலைந்து கட்டை செய்து வைத்திருந்தாராம். பையன் அவற்றைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "நாளைக்கு நான் இதைத்தான் போடுவேன்."

பெரியவர் ஒன்றும் சொல்லவில்லை. டப்பாவை மூடினார். கத்தியைப் பேன்ட்டில் துடைத்து உறையில் போட்டுவிட்டு விறகுக் கொட்டகைப் பக்கம் போனார். அரை மணி நேரம் விறகு பிளக்கிற சத்தம் கேட்டது. ஏற்கெனவே பிளந்த விறகு கூரை வரை அடுக்கியிருந்தது.

எனக்குத் தர்மசங்கடமாகிவிட்டது. ஒரு வேலையாகாத கட்டையை வைத்துக்கொண்டு ஒரு கிழவரின் இடத்தை எட்டிப் பிடித்துவிட்டேனோ என்று. (வேலையாகாத கட்டை என்று இப்போது எழுதுகிறேன். அன்றைக்கு அப்படி நினைக்கவில்லை. உள்ளுக்குள் குஷியாகத்தான் இருந்தது. பொய் சொல்வானேன்.)

ராத்திரி சானாவில் உட்கார்ந்து வெந்துகொண்டே கேட்டேன். பத்தரை மணிக்கும் ஜன்னலில் வெயில். "உக்கி, ஏன் கண்ணு வைக்கிறதில்லை?" நண்பன் மொழிபெயர்த்தான். பெரியவர் கல்லின்மேல் ஒரு கரண்டித் தண்ணீர் ஊற்றினார். புஸ்ஸென்று ஆவி. வெகுநேரம் கழித்து இரண்டு வார்த்தை சொன்னார்.

"என்ன சொல்றார்?"

"கண்ணு கடைக்காரனுக்கு வேணுமாம். மீனுக்கு முன்னாடி மனுஷனைப் பிடிக்கணுமே, அதுக்கு."

நான் விடவில்லை. "இந்த ஏரித் தண்ணி தெளிவா இருக்கே. மீனுக்கு நல்லாத் தெரியுமே!" என்றேன். அது நியாயமான கேள்விதான். ஃபின்லாந்தில் பல ஏரிகளின் தண்ணீர் சதுப்பு நிலத்திலிருந்து வடிந்து வருவதால் டிகாஷன் நிறத்தில் இருக்கும். அங்கே ஒரு முழத்துக்குக் கீழே செதிலாவது, ஒன்றாவது. பையான்னேயின் தெற்குப் பக்கம் அப்படியில்லை. ஹெல்சின்கி, எஸ்போ எல்லாவற்றுக்கும் குடிதண்ணீரே இங்கிருந்துதான். பாறைக்குள் 120 கிலோமீட்டர் குடைந்து கொண்டுபோகிறார்கள். 1982-லிருந்து ஓடுகிறது அந்தச் சுரங்கம். என் ரூம் குழாயில் வருவதும் இந்தத் தண்ணீர்தான்.

பெரியவர் தலையாட்டினார். அதாவது ஒப்புக்கொண்டார். "அசையாத மத்தியான நேரத்துல, ஆழமில்லாத இடத்துல, அஹ்வென் மீன் பின்னாலேயே வந்து பார்த்துட்டுத் திரும்பிடும். அப்ப உன்னுது நல்லா இருக்கலாம்" என்றாராம். பிறகு: "முதல்ல நீந்தட்டும்."

மறுநாள் காலை ஆறு மணி. ஏரி கண்ணாடி. ரீல் இல்லாத சாதா மூங்கில் தூண்டில் போட இந்த நாட்டில் யாருக்கும் காசு கிடையாது. ரீல் வைத்து இப்படிப் பொய் மீன் வீசவேண்டுமென்றால் பெரியவர்கள் அரசாங்கத்துக்குப் பணம் கட்ட வேண்டும். நான் கட்டி ரசீதைப் போனில் வைத்திருந்தேன். மூங்கில் இல்லாத ஊரில் மூங்கில் தூண்டில் ஏது என்று கேட்காதீர்கள், கடையில் தொங்குகிறது.

கிளம்புவதற்கு முன் பெரியவர் என் மீனை வாங்கி, நரம்பு முனையில் ஒரு சாண் எஃகுக் கம்பி கட்டப் போனார். நான் தடுத்தேன். அவ்வளவு தத்ரூபமான மீனின் மூக்கில் கறுப்பாக ஒரு கம்பி! மீனுக்குத் தெரியாதா? இயற்கையாகவே இருக்காதே. "வேண்டாம், நரம்பிலேயே நேரா கட்டிடலாம்" என்றேன். பெரியவர் தோளைக் குலுக்கினார். ஆனால் குறட்டால் முள்களின் எதிர்க்கொக்கியை மட்டும் ஒவ்வொன்றாக அழுத்தி மழுக்கினார். பையன் கையில் குத்தினாலும் சுலபமாக வரும், மீனுக்கும் நல்லது என்று.

படகில் பெரியவர் துடுப்பு. பையன் என் மீனை வீசினான். நான் பெரியவரின் கட்டை ஒன்றை மரியாதைக்கு மாட்டிக்கொண்டேன்.

பத்தாவது நிமிஷம் என் ராட் வளைந்தது. அஹ்வென். உடம்பில் கறுப்புப் பட்டை, சிவப்புத் துடுப்பு, கால் கிலோ இருக்கும். அப்புறம் இன்னொன்று. அப்புறம் ஒன்று வந்து தப்பியது. எல்லாம் கண்ணில்லாத பட்டைக்கு!

பையனுக்கு ஒன்றுமில்லை. அவன் பக்கம் எட்டிப் பார்த்தேன். என் கண்மணி, பதினோரு கோட்டிங் ராஜா, தண்ணீரில் பக்கவாட்டில் படுத்துக்கொண்டு, டாஸ்மாக் வாசலில் கிடக்கிறவனை இழுத்து வருகிற மாதிரி வந்துகொண்டிருந்தது. துள்ளல் இல்லை, ஆட்டம் இல்லை. செதில் மட்டும் பளபளவென்று.

"ராட் நுனியைப் பாரு" என்று பெரியவர் என் ராடைக் காட்டினார். அவருடைய கட்டை தண்ணீருக்குள் வரும்போது நுனி நிற்காமல் துடித்தது. நாடி பிடித்த மாதிரி. பையன் ராடின் நுனி செத்துக் கிடந்தது.

கரைக்குத் திரும்பினோம். சானாவுக்குத் தண்ணீர் பிடிக்கிற தொட்டியில் என் மீனைப் போட்டார். முதுகு வரை முழுகி, ஒரு பக்கம் சாய்ந்து நின்றது. எடுத்து உள்ளங்கையில் வைத்து எடை பார்த்தார். நண்பனிடம் ஏதோ சொன்னார். அவன் சிரிப்பை அடக்கிக்கொண்டு மொழிபெயர்த்தான்.

"உன் மீன் மூணு ஸ்வெட்டர் போட்டிருக்காம்."

எனக்குப் புரிந்தது. இந்த ஊருக்கு வந்த முதல் குளிர்காலத்தில் நானும் மூன்று ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு, கை மடக்க முடியாமல் பெங்குவின் மாதிரி ஆபீசுக்கு நடந்தவன்தான்.

விஷயம் இதுதான். மூக்குக்குக் கீழே இருக்கிற அந்தத் தகர நாக்கு தண்ணீரைக் கிழிக்கும்போது, தண்ணீர் அதன் இரண்டு ஓரத்திலும் மாறி மாறிச் சுழித்துப் பிரிகிறது. ஒவ்வொரு சுழிக்கும் தலை ஒரு பக்கம் தள்ளப்படுகிறது. அதுதான் தள்ளாட்டம். அந்தத் தள்ளலுக்கு உடம்பு உடனே இசைந்து கொடுக்க வேண்டுமென்றால் கட்டை லேசாக இருக்க வேண்டும், கனம் வயிற்றில் இருக்க வேண்டும். வயிற்றில் ஒரு துண்டு ஈயம், மேலெல்லாம் காற்று மாதிரி. நானோ முதுகு, தலை எல்லாம் வார்னிஷை ஏற்றி, போதாதற்கு உச்சியில் இரண்டு கண்ணாடி மணிகளைப் பதித்திருந்தேன். தலைக்கனம்! வேறென்ன சொல்வது.

"சரி பண்ண முடியுமா உக்கி?"

அவராகச் சொல்லவில்லை. நான் கேட்டபிறகுதான் சொன்னார். முதுகிலும் பக்கத்திலும் சுரண்ட வேண்டும். கண்ணை எடுக்க வேண்டும்.

பையன் "ஏய்! வேண்டாம்!" என்று கத்தினான். ஃபின்னிஷில் 'ஏய்' என்றால் 'இல்லை'. அவன் அதை நாலு தரம் கத்தினான்.

எனக்கும் அடிவயிறு கலங்கியது. மூன்று சனி, ஞாயிறு சார்! கண்ணப்ப நாயனார்கூட ஒரு கண்ணோடு நிறுத்தப்பட்டார். இங்கே இரண்டையும் கேட்கிறார் மனுஷன். ஆனால் அந்தப் பெரியவர் கத்தியை நீட்டிக்கொண்டு நிற்கவில்லை. உறையிலேயே வைத்துக்கொண்டு, சும்மா தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் வேண்டாமென்றால் மறுபடி சோப்பு டப்பாவில் போட்டுக் கொடுத்துவிடுவார். அது நன்றாகத் தெரிந்தது. பையன் இந்த ஞாயிற்றுக்கிழமை முடிந்து ஊருக்குத் திரும்பும்போது, கண்ணுள்ள மீன் ஒன்றும் பிடிக்கவில்லை என்பது மட்டும் அவனுக்கு ஞாபகம் இருக்கும்.

"சுரண்டுங்க" என்றேன்.

கால் மணி நேரம். கத்தி ஓடின இடமெல்லாம் சுருள் சுருளாக என் செதில்கள் புல்லில் விழுந்தன. வயிற்றை மட்டும் தொடவில்லை. கண் இரண்டையும் கத்தி முனையால் நெம்பி எடுத்து, ஒரு தீப்பெட்டியில் போட்டுப் பேரன் கையில் கொடுத்தார். அவன் முறைத்துக்கொண்டே வாங்கிக்கொண்டான். பிறகு தொட்டியில் போட்டு இழுத்தார். லேசாக இடது பக்கம் ஓடியது. குறட்டை எடுத்து மூக்கு வளையத்தை ஒரு மயிரிழை வலப்பக்கம் வளைத்தார். மறுபடி இழுத்தார். கொஞ்சம் வளைத்தார். மூன்றாவது தடவை இழுத்தபோது அந்தச் சொறிநாய் மாதிரி ஆகிவிட்ட கட்டைக்கு உயிர் வந்தது! அடிபட்ட மீன் ஒன்று பயந்துபோய் விலகி ஓடுமே, அதேதான். பையன் முறைப்பதை நிறுத்தினான்.

இந்த இடத்தில் ஒரு நோபல் பரிசுக்காரரை இழுத்து வருகிறேன். நிக்கோ டின்பெர்கன் என்று டச்சுக்காரர், 1973-ல் பரிசு வாங்கினவர். முதுகில் முள்ளுள்ள ஒரு குட்டி மீனைத் தொட்டியில் வளர்த்தார். இனப்பெருக்கக் காலத்தில் ஆண் மீனுக்கு அடிவயிறு சிவக்கும். இன்னொரு சிவப்பு வயிற்றைப் பார்த்தால் சண்டைக்குப் போகும். அவர் தத்ரூபமாக ஒரு பொய் மீன் செய்து, சிவப்பு மட்டும் பூசாமல் விட்டார். இந்த மீன் அதைச் சட்டை செய்யவில்லை. மீன் மாதிரியே இல்லாத ஒரு மொத்தைக் கட்டையில் அடியில் மட்டும் சிவப்பு அடித்து விட்டார். பாய்ந்து பாய்ந்து அடித்தது. ஜன்னலுக்கு வெளியே சிவப்பு நிறத் தபால் வண்டி போனபோது தொட்டிக்குள்ளிருந்தே அதோடும் சண்டைக்குப் போனதாம்! மீன் முழுப் படத்தைப் பார்ப்பதில்லை. தனக்கு வேண்டிய ஒரே ஒரு அடையாளத்தைப் பார்க்கிறது. (நம்மில் பெண் பார்க்கப் போகிற சிலரும் அப்படித்தான், அதை விடுங்கள்.) போதாக்குறைக்கு மீனின் விலாவில் தலை முதல் வால் வரை ஒரு கோடு ஓடும். நம் ஊர்க் கெண்டையிலும் பார்க்கலாம். தண்ணீரின் அதிர்வை உணர்கிற கோடு அது. பார்ப்பதற்கு முன்னாலேயே தள்ளாட்டம் அங்கே போய்ச் சேர்ந்துவிடும். பூண்டு வலைச் செதிலுக்கு அங்கே வேலையில்லை.

சாயங்காலம் மறுபடி போனோம். நாணல் ஓரமாகப் பெரியவர் சத்தமில்லாமல் துடுப்புப் போட்டார். பையன் வீசினான். ராட் நுனி படபடவென்று துடித்தது. இரண்டாவது வீச்சிலேயே ஓர் அஹ்வென். பையன் போட்ட சத்தத்தில் கரையில் எவனோ நாயை அதட்டினான். மூன்று மீன் பிடித்தான். மூன்றும் அவனே சுற்றி, அவனே தூக்கி, அவனே முள்ளைக் கழற்றினது. தாத்தாவை ஒவ்வொரு தடவையும் திரும்பிப் பார்த்தான். என்னைப் பார்க்கவில்லை. பார்க்காதது நல்லதாகவே பட்டது.

நாலாவது, ஹவுகி.

வாத்து மூக்கும் முதலைப் பல்லும் உள்ள மீன் அது. நாணலுக்குள் கட்டை மாதிரி நின்றுகொண்டிருந்து சட்டென்று பாயும். தண்ணீர் பிளந்தது. என் கை நீளத்துக்கு ஒரு பச்சை முதுகு தெரிந்தது. ராட் அரை வட்டமாக வளைந்தது. பையன் முகம் வெள்ளையாகிவிட்டது. பெரியவர் துடுப்பை விட்டுவிட்டு அவன் இடுப்பை மட்டும் பிடித்துக்கொண்டார். ராடைத் தொடவில்லை. "ஹில்யா, ஹில்யா" என்றார். மெதுவா, மெதுவா.

ஒரு நிமிஷம்கூட இல்லை. ராட் நிமிர்ந்துவிட்டது. நரம்பு காற்றில் ஆடியது.

அதன் முனையைப் பிடித்துப் பார்த்தேன். பிளேடால் அறுத்த மாதிரி வெட்டு. ஹவுகியின் பல் நைலான் நரம்பை நூலாக அறுத்துவிடும். அதற்காகத்தான் ஒரு சாண் எஃகுக் கம்பி. அதைத்தான் இயற்கையாக இருக்காது என்று நான் வேண்டாமென்றேன்.

பையன் அழவில்லை. அழுதிருந்தால் தேவலை. பெரியவர் திட்டவுமில்லை. நான் "ஸாரி உக்கி" என்றேன், பையனிடமும் சொன்னேன். பெரியவர் கேட்ட ஒரே கேள்வி பையனிடம்தான்: "எவ்வளவு பெருசு?" அவன் இரண்டு கையையும் விரித்தான். அவர் அதை இன்னும் கொஞ்சம் விரித்து வைத்தார்.

என் கவலை அந்த மீனின் வாய். முள்ளோடு சுற்றுமே என்றேன். எதிர்க்கொக்கியை மழுக்கியிருக்கிறது, உதறிப் போட்டுவிடும், பால்சா கட்டை மேலே மிதந்து வரும் என்றார். இருட்டாத இரவில் பதினொரு மணி வரை நாணல் ஓரமெல்லாம் தேடினோம். வரவில்லை.

மறுநாள் நான் பஸ்ஸுக்குக் கிளம்பும்போது தாத்தாவும் பேரனும் வாசல்படியில் உட்கார்ந்திருந்தார்கள். பையன் கையில் கத்தி, பைன் பட்டை. அவன் தீப்பெட்டியைத் திறந்து இரண்டு கண்ணையும் வைக்க வேண்டும் என்றான். பெரியவர் யோசித்தார். ஒன்றை எடுத்துக் கொடுத்துவிட்டு இன்னொன்றைத் தீப்பெட்டியிலேயே போட்டு மூடினார்.

"ஒண்ணு போதுமாம்" என்றான் நண்பன். "மீன் எப்படியும் ஒரு பக்கம் நின்னுதான் பார்க்குமாம்."

"ஒரு பக்கம் கனமாகி சாஞ்சிடாதா?"

அவன் கேட்டுச் சொன்னான். "கொஞ்சம் சாஞ்சாத்தான் அடிபட்ட மாதிரி இருக்குமாம்."

இப்போதும் குளிர்காலத்தில் செதுக்குகிறேன். பூண்டை வாங்கினால் வலையைத் தூக்கிப் போட மனசு வராமல் ஒரு டிராயர் நிறைய வைத்திருக்கிறேன், அது வேறு விஷயம். என் மீனைப் பையன் ஒவ்வொரு தடவை போகும்போதும் படகில் போய்த் தேடுகிறானாம். இன்னும் கிடைக்கவில்லை. நானும் தேடுகிறேன், என் வசதிப்படி. காலையில் காபிக்குத் தண்ணீர் பிடிக்கும்போது குழாயைத் திறந்து ஒரு நிமிஷம் உற்றுப் பார்ப்பேன். 120 கிலோமீட்டர் சுரங்கம், அதற்கப்புறம் எத்தனை வடிகட்டியோ. இருந்தாலும் அது இப்போது நன்றாக நீந்துகிறதே!